டைனோ காகிதத்தில் வராத எட்டு நிரல்கள்

(தொலைக்காட்சி அரங்கில் வழங்கப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



மணல் மேடுகளில் ஓட்டுவதற்காகக் குவாட் எனப்படும் நான்கு சக்கர மோட்டார் வண்டியை வாங்கும் ஓர் அமெரிக்க இளைஞர், முதல் மாதத்திலேயே மூன்று காரியங்களைச் செய்து முடித்துவிடுவார். தொழிற்சாலை பொருத்திய சைலன்சரைக் கழற்றிவிட்டு வேறொன்றை மாட்டுவார். காற்றுப் பெட்டியின் மூடியை எடுத்து ஒரு மூலையில் போடுவார். பழைய ஏர் ஃபில்டருக்குப் பதிலாகக் காற்று தாராளமாகப் புகும் ஒன்றைப் பொருத்துவார். வண்டியின் குரல் மாறிவிடும். பக்கத்து வீட்டுக்காரரின் முகமும் மாறிவிடும். இனி இது வேறு வண்டி என்று அவர் பெருமைப்படுவார்.

ஆனால் ஒன்றை அவர் மாற்றவில்லை. உள்ளே போகும் காற்று கூடிவிட்டது. அதற்கேற்ற பெட்ரோல் கூடியதா என்று அவர் பார்க்கவில்லை. அங்கேதான் சிக்கல் தொடங்குகிறது. அந்தச் சிக்கலைத் தீர்ப்பதற்காகப் பணம் கொடுத்து வாங்கும் கருவி, அதைச் சரிசெய்யப் போகும் டைனோ பட்டறை, கையில் வாங்கி வரும் ஒரு தாள் ஆகியவற்றைப் பற்றியதுதான் இன்றைய பேச்சு. அந்தத் தாளில் பெரிதாக அச்சாகும் குதிரைத் திறன் எண்ணைப் பார்த்து மகிழ்ந்து வீடு திரும்புகிறவர்களில் பலர், கொடுத்த பணத்துக்கு ஒன்பதில் ஒரு பங்கு வேலையைத்தான் வாங்கி வருகிறார்கள். அது எப்படி என்பதைப் பார்ப்போம்.

கார்புரேட்டர் இருந்த காலத்தில் இந்தக் கதை எளிது. சைலன்சரை மாற்றினால் மெயின் ஜெட்டையும் மாற்ற வேண்டும் என்பது பட்டறைப் பையனுக்குக்கூடத் தெரியும். பித்தளையில் செய்த சிறு திருகு அது. அதன் துளை பெரிதானால் பெட்ரோல் அதிகம் வரும். ஊசியின் கிளிப்பை ஒரு படி ஏற்றினால் பாதி திராட்டலில் கலவை மாறும். கை அழுக்காகும், அவ்வளவுதான்.

2006-ஆம் ஆண்டு விளையாட்டுக் குவாட் உலகில் ஒரு திருப்பம். அந்த ஆண்டு சுசுகி நிறுவனம் எல்டி-ஆர்450 என்ற பந்தயக் குவாட்டையும், யமஹா நிறுவனம் ராப்டர் 700ஆர் என்ற வண்டியையும் விற்பனைக்குக் கொண்டு வந்தன. இரண்டிலும் கார்புரேட்டர் இல்லை, இன்ஜெக்டர்தான். ராப்டரின் இயந்திரம் ஒரே சிலிண்டரில் 686 சி.சி. கொண்டது. பிஸ்டனின் விட்டம் 102 மில்லிமீட்டர். உள்ளங்கையை விரித்து வைத்தால் கிட்டத்தட்ட மறைகிற அளவு பிஸ்டன் அது. அடுத்தடுத்த ஆண்டுகளில் கவாசாகி, கேன்-ஆம், ஹோண்டா நிறுவனங்களின் குவாட்களும் இன்ஜெக்டரோடு வந்தன. 2009-இல் யமஹாவின் ஒய்எஃப்இசட்450ஆர் வந்தது.

இந்த வண்டிகளில் ஒரு சிறு கணினி இருக்கிறது. திராட்டல் எவ்வளவு திறந்திருக்கிறது, இயந்திரம் நிமிடத்துக்கு எத்தனை சுற்று சுற்றுகிறது, உள்ளே வரும் காற்றின் வெப்பம் என்ன, நீரின் வெப்பம் என்ன என்பதையெல்லாம் சென்சார்கள் வழியாகக் கேட்டுத் தெரிந்துகொள்கிறது. பிறகு தன் நினைவில் இருக்கும் ஒரு பட்டியலைப் பார்த்து, இன்ஜெக்டரை இத்தனை மில்லி விநாடி திற என்று கட்டளை இடுகிறது. குளிர்காலம் வந்தால் அதற்கு ஏற்பத் திருத்திக்கொள்ளும். மலை ஏறினால் அதற்கும் திருத்திக்கொள்ளும். இந்த அளவுக்குக் கார்புரேட்டரைவிட அது கெட்டிக்காரத்தனம் உள்ளதுதான்.

ஆனால் சைலன்சர் மாறியது அதற்குத் தெரியாது. பெட்டியின் மூடி போனதும் தெரியாது. கார்களில் எரிந்த புகையை முகர்ந்து பார்த்துக் கலவையைத் திருத்தச் சொல்லும் ஆக்சிஜன் சென்சார் ஒன்று இருக்கும். அன்று வந்த இந்த விளையாட்டுக் குவாட்களில் அது இல்லை. தொழிற்சாலையில் எழுதிய பட்டியல்தான் அதற்கு வேதவாக்கு. அந்தப் பட்டியலும் ஏற்கெனவே சிக்கனமாக எழுதப்பட்டது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு அமைப்பு 2002-இல் வகுத்த புகை விதிகள், ஏ.டி.வி. வண்டிகளுக்கு 2006 மாடல் ஆண்டிலிருந்து படிப்படியாக நடைமுறைக்கு வந்தன. புகையைக் குறைக்க வேண்டிய கட்டாயம் உள்ளவர், பெட்ரோலை அள்ளித் தெளிக்கும்படி பட்டியல் எழுத மாட்டார். ஆகவே, ஏற்கெனவே குறைவாக இருந்த பெட்ரோலோடு மூன்று மாற்றங்களையும் செய்தவர், இயந்திரத்தைப் பட்டினி போட்டு ஓடச் சொல்கிறார்.

பட்டினி என்றால் என்ன என்று கேட்கலாம். ஒரு பங்கு பெட்ரோல் முழுதாக எரிய ஏறக்குறைய 14.7 பங்கு காற்று வேண்டும். இரண்டும் எடைக் கணக்கு. இதுதான் பாடப்புத்தகம் சொல்லும் அளவு. முழுத் திராட்டலில் அதிகச் சக்தி வேண்டுமானால் பெட்ரோல் இன்னும் சற்றுக் கூடுதலாக, அதாவது காற்று 13 பங்கை ஒட்டி இருக்க வேண்டும் என்பது பட்டறைகளின் அனுபவம். கூடுதலாக வரும் பெட்ரோல் ஆவியாகும்போது உள்ளே கொஞ்சம் குளிர்ச்சியும் தருகிறது. அது கிடைக்காமல், முழுச் சுமையில் 14-க்கு மேல் காற்றோடு ஓடும் இயந்திரம் சூடேறும். தீப்பொறி வருவதற்கு முன்போ, வந்த பின் தாறுமாறாகவோ கலவை வெடிக்கும். பிஸ்டனின் தலையில் சுத்தியலால் அடிப்பது போன்றது அது. ஒரு நாள் உச்சி உருகும், அல்லது ஓட்டை விழும்.

மறுபக்கமும் உண்டு. பயந்துகொண்டு பெட்ரோலை அளவுக்கு மீறிக் கொடுத்தால் ஸ்பார்க் பிளக் கரி பிடிக்கும். சிலிண்டர் சுவரில் இருக்கும் எண்ணெயைப் பெட்ரோல் கழுவிக்கொண்டு போகும். இயந்திர எண்ணெயிலும் பெட்ரோல் கலக்கும். வண்டி மந்தமாகும். பெட்ரோல் கூடுதலாக இருந்தால் பாதுகாப்பு என்று சொல்கிறவர்கள், அந்த எண்ணெயை வடித்து முகர்ந்து பார்க்க வேண்டும்.

இந்த இடத்தில்தான் எரிபொருள் கட்டுப்பாட்டுக் கருவி வருகிறது. கையடக்கப் பெட்டி, சில மின்கம்பிகள். கணினிக்கும் இன்ஜெக்டருக்கும் நடுவில் உட்கார்ந்துகொள்ளும். கணினி எட்டு மில்லி விநாடி திற என்று சொன்னால், இது இடைமறித்துப் பத்து விழுக்காடு கூட்டி 8.8 மில்லி விநாடி திறக்க வைக்கும். குறைக்கவும் செய்யும். இந்த இடைத்தரகர் வேலையில் பெயர் பெற்றது டைனோஜெட் நிறுவனத்தின் பவர் கமாண்டர். அதே நிறுவனம்தான் பல பட்டறைகளில் இருக்கும் டைனோ இயந்திரத்தையும் செய்கிறது. நோயைக் கண்டுபிடிக்கும் கருவியும் மருந்தும் ஒரே கடையில் என்று வேடிக்கையாகச் சொல்லலாம். ஆனால் மருந்து வேலை செய்கிறது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

இன்னொரு வகைக் கருவி, டோபெக் போன்ற நிறுவனங்கள் செய்வது. கணினியில் இணைக்க வேண்டிய தேவையே இல்லை. பெட்டியின் முகத்தில் சில பொத்தான்கள், வண்ண விளக்குகள். மெதுவாக ஓடும்போது இவ்வளவு, வேகம் எடுக்கும்போது இவ்வளவு, முழுச் சுமையில் இவ்வளவு என்று கூட்டிக் குறைக்கலாம். பாலைவனத்தின் நடுவில் கூடாரத்தில் உட்கார்ந்துகூடச் செய்யலாம். பழைய ஜெட் மாற்றும் பழக்கம் உள்ளவர்களுக்கு இது பிடிக்கும். நுணுக்கம் குறைவு, தொல்லையும் குறைவு. மூன்றாவது வகை, தொழிற்சாலைக் கணினியையே எடுத்துவிட்டு வேறு கணினியைப் பொருத்துவது. தீப்பொறி வரும் நேரத்தையும் அதில் மாற்றலாம். பந்தயக்காரர்களுக்கு அது சரி. விடுமுறை நாளில் மட்டும் ஓட்டுகிறவருக்கு அது தேவைதானா என்று யோசிக்க வேண்டும்.

இப்போது பவர் கமாண்டரின் உள்ளே இருக்கும் பட்டியலைப் பார்ப்போம். பேச்சின் மையம் இதுதான். மடிக்கணினியில் திறந்தால் கட்டம் போட்ட தாள் போல இருக்கும். மேலிருந்து கீழாக இயந்திரச் சுற்று, 250 சுற்றுக்கு ஒரு வரிசை. இடமிருந்து வலமாகத் திராட்டல் எவ்வளவு திறந்திருக்கிறது என்பது. 0, 2, 5, 10, 20, 40, 60, 80, 100 விழுக்காடு. எண்ணிப் பாருங்கள், ஒன்பது நிரல்கள். 9,000 சுற்று வரை வரிசைகளைக் கணக்கிட்டால் 300-க்கும் மேற்பட்ட கட்டங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் ஓர் எண். அந்த இடத்தில் இத்தனை விழுக்காடு பெட்ரோல் கூட்டு அல்லது குறை என்று பொருள்.

டைனோவில் வண்டியை ஏற்றி முழுத் திராட்டலில் ஒரு தடவை ஓட்டினால் எந்த நிரல் சோதிக்கப்படுகிறது? நூறு விழுக்காடு என்ற கடைசி நிரல் மட்டும். ஒன்பதில் ஒன்று. தாளில் பெரிதாக வரும் குதிரைத் திறன் எண்ணும் அந்த ஒரு நிரலிலிருந்து வருவதே. மற்ற எட்டு நிரல்களும் கருவி வாங்கியபோது இருந்தபடியே கிடக்கும், அல்லது யாரோ ஒருவருடைய வண்டிக்கு எழுதிய எண்களாக இருக்கும்.

குவாட் ஓட்டுகிறவர் முழுத் திராட்டலில் எவ்வளவு நேரம் இருக்கிறார்? செங்குத்தான மணல் மேட்டில் ஏறும்போது இருப்பார். நீண்ட வெளியில் பந்தயம் வைத்தால் இருப்பார். மற்ற நேரமெல்லாம் கட்டை விரல் பாதி வழியில்தான் நிற்கும். மணல் மேட்டின் ஓரத்தில் சாய்ந்து திரும்பும்போது, கற்கள் நடுவே மெதுவாக ஏறும்போது, குதித்து இறங்கியவுடன் மீண்டும் விசை கொடுக்கும்போது எல்லாம் 5 முதல் 40 விழுக்காட்டுக்குள்தான் விளையாட்டு. அந்த இடத்தில் கலவை தவறாக இருந்தால் வண்டி ஒரு கணம் தயங்கும். சமதரையில் அது எரிச்சல். மேட்டின் உச்சியைத் தாண்டும்போது, பின்னால் இன்னொரு வண்டி ஏறி வரும்போது, அந்த ஒரு கணத் தயக்கம் ஆளைக் கீழே தள்ளும். காகிதத்தில் இரண்டு குதிரைத் திறன் கூடியிருப்பது அப்போது கை கொடுக்காது.

ஒழுங்கான டைனோ வேலை எப்படி நடக்கும்? ஒரு ராப்டர் பட்டறைக்கு வருவதாக வைத்துக்கொள்வோம். நல்ல ட்யூனர் உடனே அதை உருளையில் ஏற்ற மாட்டார். முதலில் ஏர் ஃபில்டரைத் திறந்து பார்ப்பார். உள்ளே மணல் இருந்தால் வேலை அங்கேயே நிற்கும். வால்வு இடைவெளி சரியா, ஸ்பார்க் பிளக் புதிதா, எக்ஸாஸ்ட் குழாய் சிலிண்டரோடு சேரும் இடத்தில் கசிவு உண்டா என்று கேட்பார். விரலை எடுத்தவுடன் எக்ஸாஸ்ட் படபடவென்று வெடிக்கிறது என்று வந்து, பெட்ரோல் போதவில்லை என்று தாங்களே முடிவு கட்டுகிறவர்கள் அதிகம். பல வேளைகளில் காரணம், தேய்ந்துபோன ஒரு கேஸ்கெட். அந்த ஓட்டை வழியே காற்று உள்ளே புகுந்தால், புகையை அளக்கும் கருவியும் பொய் சொல்லும். அந்தப் பொய்யை நம்பிப் பெட்ரோலைக் கூட்டினால் நல்ல இயந்திரமும் கெடும்.

அடுத்து அவர் பார்ப்பது கட்டை விரல் திராட்டலை. இதில் ஒரு சுவையான செய்தி உண்டு. புதிதாக ஓட்டுகிறவர்கள் வேகமாகப் போய்விடாதபடி, பல குவாட்களில் கைப்பிடியருகே ஒரு திருகு இருக்கும். அதை உள்ளே முறுக்கி வைத்தால் திராட்டல் முழுதாகத் திறக்காது. வீட்டில் தம்பி ஓட்டட்டும் என்று ஒருநாள் முறுக்கி வைத்து, பிறகு மறந்துபோன வண்டியை ஆயிரம் முறை டைனோவில் ஓட்டினாலும் நூறு விழுக்காடு என்ற நிரலைத் தொடவே முடியாது. இந்தத் திருகைப் பார்த்த பிறகே, மூடிய நிலை எது, முழுதாகத் திறந்த நிலை எது என்று ட்யூனர் கருவிக்குக் கற்பிப்பார்.

பிறகு புகையை அளக்கும் சென்சார். எக்ஸாஸ்ட் குழாயின் முன்பகுதியில் ஒரு துளை போட்டு, வளையம் பற்றவைத்து அதில் பொருத்துவது நல்ல முறை. துளை போட மனமில்லாதவர்களுக்குச் சைலன்சரின் வாலில் ஒரு குழாயைச் செருகி அளப்பதும் உண்டு. ஒற்றைச் சிலிண்டர் குவாட்டின் சைலன்சர் குட்டையானது. புகை விட்டுவிட்டு வரும். இடையே வெளிக்காற்று வாலின் வழியே உள்ளே இழுக்கப்படும். குறைந்த சுற்றில் அப்படி அளந்தால் உண்மையைவிட அதிகக் காற்று இருப்பதாகக் காட்டும். அந்த எட்டு நிரல்கள் முக்கியம் என்று கருதும் ட்யூனர், வளையத்தைப் பற்றவைக்கச் சொல்லி வற்புறுத்துவார்.

இனி டைனோ. அதில் இரண்டு வேலைகள் உண்டு. ஒன்று, கனமான இரும்பு உருளையைச் சுழற்றுவது. உருளையின் எடையும் அளவும் தெரியும். அது எவ்வளவு விரைவாக வேகம் எடுக்கிறது என்பதிலிருந்து முறுக்கு விசையையும் குதிரைத் திறனையும் கணக்கிட்டுவிடலாம். சில விநாடிகளில் முடிந்துவிடும் ஓட்டம் அது. இன்னொன்று, உருளைக்கு மின்காந்த பிரேக் போட்டு, இயந்திரத்தை ஒரே சுற்றில் பிடித்து வைப்பது. 20 விழுக்காடு திராட்டல், 4,000 சுற்று என்று நிறுத்திவைத்து, கலவை என்ன என்று நிதானமாகப் பார்த்து, கட்டத்தில் எண்ணை மாற்றி, அடுத்த கட்டத்துக்குப் போகலாம். எட்டு நிரல்களும் இந்த இரண்டாவது வேலையில்தான் திருத்தம் பெறும். அதற்கு நேரமாகும். பாதியில் வண்டியைக் குளிர விட வேண்டும். கட்டணமும் கூடும். "மூன்று ஓட்டம், ஒரு தாள்" என்று மலிவாக விளம்பரம் செய்யும் இடத்தில் இதை எதிர்பார்க்க முடியாது. அதைக் குறையாகச் சொல்லிப் பயனில்லை, அவர்கள் விற்பது வேறு பொருள்.

முழுத் திராட்டல் ஓட்டத்தில் ஒரு நல்ல ட்யூனரின் கை எங்கே இருக்கும் என்று கவனிக்க வேண்டும். கண் கலவை எண்ணில் இருக்கும், விரல் எப்போது வேண்டுமானாலும் விடத் தயாராக இருக்கும். முதல் ஓட்டத்திலேயே 14-க்கு மேல் போனால் பாதியில் விட்டுவிடுவார். வாடிக்கையாளர், "ஏன் நிறுத்திவிட்டீர்கள், இன்னும் ஏறுகிறதே" என்று கேட்பார். ஏறும், உண்மைதான். பிஸ்டன் உருகும் வரை ஏறும். பெட்ரோலைக் கூட்டிவிட்டு மறுபடி ஓட்டுவதுதான் முறை. மணலில் ஓடப் போகும் வண்டி என்றால், அதிகச் சக்தி தரும் அளவிலிருந்து இன்னும் ஒரு சிட்டிகை பெட்ரோல் சேர்த்து, 12.5-ஐ ஒட்டி விட்டுவைக்கும் ட்யூனர்கள் உண்டு. காகிதத்தில் அரைக் குதிரைத் திறன் குறையலாம். நீண்ட ஏற்றத்தில் அதுதான் பிஸ்டனைக் காக்கும்.

இந்தக் கலவை எண்ணிலும் ஒரு சங்கடம் உண்டு. அமெரிக்கப் பெட்ரோலில் பெரும்பாலும் பத்து விழுக்காடு எத்தனால் கலந்திருக்கிறது. அப்படிப்பட்ட பெட்ரோல் முழுதாக எரிய 14.1 பங்கு காற்றே போதும். ஆனால் அளவுகருவி பழைய 14.7 கணக்கிலேயே எண்களைக் காட்டிக்கொண்டிருக்கும். ட்யூனர்கள் எல்லாரும் அதே கணக்கில் பேசுவதால் குழப்பம் வருவதில்லை. எண்களைப் புத்தகத்தோடு ஒப்பிடும் வாடிக்கையாளருக்குத்தான் தலை சுற்றும்.

குவாட்டுக்கு என்றே சில தொல்லைகள் இருக்கின்றன. மோட்டார் சைக்கிளுக்கு ஒரு பின்சக்கரம். விளையாட்டுக் குவாட்டுக்கு ஒரே அச்சில் இரண்டு பின்சக்கரங்கள், அகலமான இடைவெளியில். மோட்டார் சைக்கிளுக்காகச் செய்த குறுகிய உருளையில் அது உட்காராது. டயரில் காற்று மிகக் குறைவு, முகமெல்லாம் முண்டு முண்டாகக் கட்டைகள். உருளையின் மீது அது வழுக்கும், குதிக்கும், சூடாகும். சக்தியில் ஒரு பகுதி டயரைப் பிசைவதிலேயே போய்விடும். மணலுக்கான துடுப்பு டயரோடு வந்து நிற்கிறவர்களும் உண்டு. அதை உருளையில் ஏற்ற முடியாது. ஆகவே வழுவழுப்பான வேறு டயர்களை மாட்டி, காற்றை ஏற்றி, வண்டியை நாலு பக்கமும் பட்டை போட்டு இழுத்துக் கட்டுவார்கள். பட்டையை எவ்வளவு இறுக்கிக் கட்டுகிறார்கள் என்பதே எண்ணை மாற்றும். காலையில் ஒருவர் கட்டியதும் மாலையில் இன்னொருவர் கட்டியதும் ஒரே மாதிரி இருக்காது. வண்டி நின்ற இடத்தில் ஓடுவதால் ரேடியேட்டருக்குக் காற்றும் கிடையாது. பெரிய மின்விசிறி இல்லாத பட்டறையில் மூன்றாவது ஓட்டம் முதல் ஓட்டத்தைவிடக் குறைவாகவே வரும். அதைப் பார்த்து ட்யூனரைக் குறை சொல்வது நியாயமல்ல, விசிறி வாங்காததற்குக் குறை சொல்லலாம்.

இந்தக் காரணங்களால்தான் ஒரு பட்டறையின் எண்ணை இன்னொரு பட்டறையின் எண்ணோடு ஒப்பிடுவது வீண். தாளை அச்சடிக்கும் முறையிலும் சில கைவேலைகள் உண்டு. அன்றைய வெப்பம், காற்றழுத்தம், ஈரம் ஆகியவற்றுக்கு ஏற்ப எண்ணைத் திருத்த இரண்டு முறைகள் வழக்கில் இருக்கின்றன. எஸ்.ஏ.இ. என்று குறிப்பது ஒன்று, அது 25 பாகை வெப்பத்தை அடிப்படையாகக் கொள்வது. எஸ்.டி.டி. என்று குறிப்பது பழையது, அது ஏறக்குறைய 15.5 பாகையை அடிப்படையாகக் கொள்வது. ஒரே வண்டி, ஒரே ஓட்டம். ஆனால் இரண்டாவது முறையில் எண் சுமார் நான்கு விழுக்காடு கூடுதலாக வரும். 45 என்பது 47 ஆகிவிடும். முன்பு ஓட்டியதை ஒரு முறையிலும் பின்பு ஓட்டியதை இன்னொரு முறையிலும் அச்சடித்தால், பெட்ரோல் ஒரு துளி மாறாமலே இரண்டு குதிரைத் திறன் பிறந்துவிடும்.

இன்னொன்று, வளைகோட்டை வழுவழுப்பாக்கும் எண். டைனோஜெட் மென்பொருளில் அது 0 முதல் 5 வரை இருக்கும். ஐந்தில் வைத்தால் கோடு பட்டுத் துணி மாதிரி அழகாக இருக்கும். பூஜ்யத்தில் வைத்தால்தான் இயந்திரம் எங்கே இடறுகிறது என்பது பல்லைக் காட்டும். அழகான தாளைச் சுவரில் ஒட்டலாம், இடறலைத் திருத்த அது உதவாது. தாளின் அடியில் கலவைக் கோடு அச்சாகியிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். அது இல்லாத தாள், இரத்த அழுத்தத்தைச் சொல்லாமல் எடையை மட்டும் சொல்லும் மருத்துவச் சீட்டு மாதிரி.

சரி, டைனோவில் எட்டு நிரல்களையும் பார்த்தாகிவிட்டது. வேலை முடிந்ததா? கொஞ்சம் பாக்கி இருக்கிறது. கலிபோர்னியாவின் தென்கிழக்கு மூலையில் இம்பீரியல் மணல் மேடுகள் உள்ளன. கிளாமிஸ் என்ற பெயரில் குவாட் ஓட்டுகிறவர்கள் எல்லாருக்கும் தெரிந்த இடம். 40 மைலுக்கும் மேல் நீளமான மணல். நவம்பரில் வரும் நன்றி நவிலும் நாள் விடுமுறைக்கு அங்கே பெருங்கூட்டம் திரளும். துடுப்பு டயர் ஒவ்வொரு சுழற்சியிலும் மணலை வாரி வீசும்போது இயந்திரத்தின் மீது வரும் சுமை, வழுவழுப்பான டயரோடு உருளையில் வந்த சுமையைப் போன்றதல்ல. விரலைச் சட்டென்று அழுத்தும்போது வரும் தயக்கத்தையும், நிதானமாக ஒரே சுற்றில் பிடித்து அளக்கும் டைனோ காட்டாது. மணலில் ஒரு மணி நேரம் ஓட்டி, தயங்கும் இடத்தைக் குறித்துக்கொண்டு வந்து ட்யூனரிடம் சொல்கிறவரின் வண்டிதான் கடைசியில் நன்றாக ஓடும்.

அதே வண்டியை யூட்டா மாநிலத்தின் கோரல் பிங்க் மணல் மேடுகளுக்குக் கொண்டு போனால் என்ன ஆகும்? அது கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,800 மீட்டர் உயரம், கெந்திங் மலை உயரம் என்று வைத்துக்கொள்ளலாம். அங்கே காற்றின் அடர்த்தி ஆறில் ஒரு பங்கு குறைந்துவிடும். கார்புரேட்டர் வண்டி என்றால் ஜெட் டப்பாவைத் திறந்து உட்கார வேண்டும். இன்ஜெக்டர் வண்டியில், தொழிற்சாலைக் கணினி காற்றழுத்தத்தைப் பார்த்துத் தன் அளவைக் குறைத்துக்கொள்ளும். நடுவில் இருக்கும் கருவி அந்தக் குறைந்த அளவின் மீது தன் விழுக்காட்டைச் சேர்க்கும். பெரும்பாலும் சரியாகவே இருக்கும். இடைத்தரகர் கருவியின் உண்மையான பெருமை இதுதான். விளம்பரங்களில் குதிரைத் திறனைப் பற்றிப் பேசுகிற அளவுக்கு இதைப் பற்றிப் பேசுவதில்லை.

எக்ஸாஸ்ட்டில் ஆக்சிஜன் சென்சாரை நிரந்தரமாகப் பொருத்தி, ஓட்ட ஓட்டத் தானே திருத்தங்களை எழுதிக்கொள்ளும் துணைக்கருவியும் பின்னாளில் வந்தது. அது வந்த பிறகு டைனோ எதற்கு என்று சிலர் கேட்கிறார்கள். எட்டு நிரல்களையும் ஓட்டுகிறவரே நிரப்பிவிடலாம் என்பதால் அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. ஆனால் அது திருத்துவது, இலக்கு என்று கொடுத்த எண்ணை நோக்கித்தான். இலக்கைத் தவறாகக் கொடுத்தால் தவறை ஒழுங்காகச் செய்து முடிக்கும். குழாயில் கசிவு இருந்தால் அதையும் நம்பும். ஈயம் கலந்த பந்தய எரிபொருளை ஊற்றினால் சென்சார் சீக்கிரமே செத்துப்போகும், செத்தது தெரியாமல் வண்டியும் ஓடிக்கொண்டிருக்கும். நல்ல ட்யூனர் ஒருமுறை அடித்தளம் போட்டுக் கொடுத்த பிறகு, பருவத்துக்குப் பருவம் சரிபார்க்க அது நல்ல துணை.

சட்டத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1986-இலிருந்து தயாரிக்கப்பட்ட சாலைக்கு வெளியே ஓடும் வண்டிகளுக்குக் கலிபோர்னியா வகுத்த ஒலி வரம்பு 96 டெசிபல். தேசிய வனங்களில் ஓட்ட வேண்டுமானால் சைலன்சரில் தீப்பொறி தடுப்பான் இருக்க வேண்டும். அதைக் கழற்றி எறிந்துவிட்டு வறண்ட காட்டுக்குள் போகிறவர், அபராதத்தை மட்டும் பற்றிக் கவலைப்பட்டால் போதாது. புகைக் கட்டுப்பாட்டைச் செயலிழக்கச் செய்யும் கருவிகளின் விற்பனையை, 2020 முதல் 2023 வரை அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு அமைப்பு தனி இலக்காக வைத்து நடவடிக்கை எடுத்தது. வாங்குகிறவர் தம் மாநில விதியைக் கேட்டுத் தெரிந்துகொண்டு வாங்குவது நல்லது.

பட்டறையிலிருந்து கிளம்பும் முன் வாடிக்கையாளர் கேட்டு வாங்க வேண்டியவை சில உண்டு. வழுவழுப்பு எண் பூஜ்யத்தில் வைத்து, கலவைக் கோட்டோடு அச்சடித்த தாள். எந்தத் திருத்த முறை, எந்த டயர், எந்தப் பெட்ரோல், எந்த ஃபில்டர் என்று அதன் ஓரத்தில் கையால் எழுதிய குறிப்பு. கருவியில் ஏற்றிய பட்டியலின் கோப்பு, தேதியோடு. அந்தக் கோப்பை வீட்டில் திறந்து, 5, 10, 20, 40 என்ற நிரல்களை மேலிருந்து கீழாகப் பார்க்கலாம். வந்தபோது இருந்த எண்களே வரிசையாக அப்படியே இருந்தால், பட்டறைக்குத் தொலைபேசியில் அழைத்து, அடுத்த வாரம் இன்னொரு நாள் ஒதுக்கச் சொல்ல வேண்டியதுதான்.